தொட்டிக்குள் போன தீனி எங்கே போகிறது?

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "200 லிட்டர் தொட்டிக்கு எந்த ஃபில்டர் சரியா இருக்கும்?" நன்னீர் மீன் வளர்ப்பவர் கேட்டால் லிட்டர் கணக்கை வைத்தே பதில் சொல்லிவிடலாம். கடல்மீன் தொட்டிக்கு அந்தக் கணக்கு போதாது. தினமும் எவ்வளவு தீனி உள்ளே விழப்போகிறது, விழுந்தது எந்த வழியாகத் தொட்டியைவிட்டு வெளியேறும் என்ற இரண்டையும் கேட்டால்தான் ஃபில்டர் எது என்பது பிடிபடும்.

ஒரு சின்னக் கணக்கு. நல்ல கடல்மீன் தீனியில் புரதம் 45 சதவீதம் வரை இருக்கும். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, 1 கிராம் உலர் தீனியோடு 72 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. அது முழுக்க நைட்ரேட்டாக மாறினால் சுமார் 320 மி.கி. 200 லிட்டர் தண்ணீரில் இது லிட்டருக்கு 1.6 மி.கி.; தினமும் 1 கிராம் போட்டால் வாரத்துக்கு 11 மி.கி. மீனின் உடம்பில் தங்குவது, கழிவாக உறிஞ்சி எடுப்பது என்று பாதியைக் கழித்தாலும் வாரத்துக்கு 5 மி.கி.க்கு மேல் ஏறிக்கொண்டே இருக்கும். ஃபில்டரைப் பற்றிய பல நம்பிக்கைகள் இந்தக் கணக்கின் முன்னால் நிற்பதில்லை.

"பெரிய ஃபில்டர் போட்டால் தண்ணீர் மாற்ற வேண்டாம்"

மீனின் செவுளிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வருவது அம்மோனியா. ஃபில்டருக்குள் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். சாதாரண ஃபில்டரின் வேலை அத்தோடு முடிந்தது. கொடிய நஞ்சு கொடுமை குறைந்த பொருளாக மாறியிருக்கிறதே தவிர, தொட்டியைவிட்டு எதுவும் போகவில்லை. ஃபில்டரின் அளவை இரட்டிப்பாக்கினாலும் பாக்டீரியா இரட்டிப்பாகாது. அதன் எண்ணிக்கையை முடிவு செய்வது கிடைக்கும் அம்மோனியா, அதாவது போடுகிற தீனி.

வாரம் 5 மி.கி. நைட்ரேட் ஏறும் தொட்டியில் வாரந்தோறும் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால், அளவு ஏறி ஏறிக் கடைசியில் 45-க்கும் 50-க்கும் இடையில் போய் நிற்கும். 20 சதவீதம் மாற்றினால் 20-க்கும் 25-க்கும் இடையில் நின்றுவிடும். மாற்றும் தண்ணீரை இரண்டு மடங்காக்கினால் உச்சம் பாதியாகிறது. இதைவிடத் தெளிவான நைட்ரேட் சிகிச்சை வேறில்லை. விலையுயர்ந்த கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு வாளியையும் ஒரு ட்யூபையும் பற்றி யோசிப்பது நல்லது.

பெரிய ஃபில்டர் இருப்பதால் மீனைக் கூட்டலாம் என்பதும் இதன் கிளை நம்பிக்கைதான். ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல்நீர் ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் தொட்டி சூடேறும்போது அதுவும் குறையும். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவும் மீனோடு சேர்ந்து அதே ஆக்சிஜனைத்தான் பங்குபோடுகிறது. அம்மோனியாவின் கொடுமையும் கடல்நீரில் அதிகம். பி.எச். 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அம்மோனியா நச்சு வடிவில் இருக்கும் பங்கு 10 மடங்குக்கும் மேல். அம்மோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட்டில் லேசாக நிறம் மாறினாலே கடல்மீன் வளர்ப்பவர்கள் பதறுவதற்குக் காரணம் இதுதான்.

"கேனிஸ்டர் ஒரு நைட்ரேட் தொழிற்சாலை"

மூடிய ஃபில்டர் பெட்டியான கேனிஸ்டர் மீதான இந்தப் பழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதிய தொடர், நெதர்லாந்தில் புழங்கிய சொட்டுநீர் ஃபில்டர்களை அமெரிக்காவில் பிரபலமாக்கியது. பிளாஸ்டிக் பயோ பால்கள் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இறங்கும், காற்றோட்டம் ஏராளம், அம்மோனியாவை அது மின்னல் வேகத்தில் முடித்துவிடும். ஆனால் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போனது. அதே காலத்தில் ஜெர்மனியில் பீட்டர் வில்கென்ஸ், டீட்ரிச் ஸ்டூபர் போன்றவர்கள் பவளப்பாறைக் கற்களையும், நுரை கட்டி அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மரையும் முக்கியமாக நம்பி நடத்திய பெர்லின் முறைத் தொட்டிகளில் கடினப் பவளங்களே செழித்தன. அதன் பிறகு பயோ பால், கேனிஸ்டர் எல்லாமே கெட்ட பெயர் வாங்கிக்கொண்டன.

உண்மையில் எந்த ஃபில்டரும் நைட்ரேட்டைச் சூனியத்திலிருந்து உண்டாக்குவதில்லை. தீனியில் இருந்த நைட்ரஜன்தான் அது. வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. நுண்துளைகள் கொண்ட கல்லின் உட்புறத்தில் ஆக்சிஜன் குறைவு. அங்கே வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பயோ பாலில் அப்படி ஓர் இருட்டு மூலை கிடையாது. இரண்டாவது, அழுக்கு எத்தனை நாள் ஃபில்டருக்குள் கிடந்து அழுகுகிறது என்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறக்கப்படும் கேனிஸ்டர் குப்பையைப் பிடித்து வைத்துக்கொண்டு அதைத் தொட்டிக்கே கரைத்துக் கொடுக்கிறது. வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சைக் கழுவினால் அதே கேனிஸ்டர், பவளம் இல்லாத வெறும் மீன் தொட்டிக்கு நம்பகமான கருவி. செராமிக் வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீரில் அலசினால் போதும். குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும்.

நைட்ரேட் பூஜ்யமாக இருப்பதுதான் நல்லது என்ற எண்ணத்தையும் இங்கேயே திருத்திவிடலாம். பெரும்பாலான வளர்ப்பு மீன்கள் லிட்டருக்கு 40 மி.கி. வரை தாக்குப்பிடிக்கும். பவளத்துக்கு அது அதிகம்; ஆனால் பவளத்தின் திசுவில் வாழும் நுண்பாசிக்குக் கொஞ்சம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உணவாக வேண்டும். இரண்டும் அளவில் தென்படாத தொட்டிகளில் பவளம் வெளிறுவதும், பழுப்பு நிறக் கொழகொழப்பாக டைனோஃபிளாஜெல்லேட் படர்வதும் வளர்ப்பவர்கள் நன்கு அறிந்த தொல்லை.

"ஸ்கிம்மர் இருந்தால் எல்லா அழுக்கும் போய்விடும்"

கடல்மீன் தொட்டியில் ஸ்கிம்மருக்கு இணையான கருவி குறைவு. அது செய்யும் வேலை மற்ற ஃபில்டர்கள் செய்யாதது: அழுக்கு அம்மோனியாவாக அழுகுவதற்கு முன்பே அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி வெளியே எடுத்துவிடுகிறது. புரதம், கொழுப்பு போன்ற பல மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை விலகும். காற்றுக்குமிழி கிடைத்தால் அவை அதன் தோலில் ஒட்டிக்கொள்ளும். கடல்நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேராமல் பொடிப்பொடியாகவே நிற்கும் என்பதால் ஒட்டுவதற்குப் பரப்பு ஏராளம். நன்னீரில் அவை சேர்ந்து பெரிதாகிவிடும். வீட்டு நன்னீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் உதவாமல் போவது அதனால்தான். குமிழிகள் நுரையாகி மேலே ஏறி, கோப்பையில் பழுப்புச் சாறாக வடியும். அதன் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவருக்கு அது தொட்டிக்குள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் எல்லா மூலக்கூறும் குமிழியில் ஒட்டாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மேன் 2009-ஐ ஒட்டி வெளியிட்ட சோதனைகளில், ஸ்கிம்மர்கள் தண்ணீரிலிருந்த மொத்தக் கரிமப் பொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரைதான் எடுத்தன. எத்தனை நேரம் ஓடவிட்டாலும் மீதி அப்படியே இருந்தது. விலை கூடிய கருவிக்கும் குறைந்த கருவிக்கும் இடையே பெரிய இடைவெளியும் இல்லை. கரைந்து நிற்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஸ்கிம்மர் நேரடியாகத் தொடுவதே இல்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் எண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி போட்டுக்கொள்கிறது. அதற்குப் பயந்து மூன்று மடங்கு பெரிதாக வாங்குவதும் தவறு. குறைவான மீனுள்ள தொட்டியில் பெரிய ஸ்கிம்மருக்கு நுரை கட்டப் போதுமான கரிமப் பொருள் கிடைக்காது. நுரை பாதி ஏறி உடைந்துவிடும். மீனும் தீனியும் அதிகமென்றால் ஒரு படி பெரிது, இரண்டு கோமாளி மீன் மட்டுமென்றால் சிறிது. 60 லிட்டர் தொட்டியில் வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றத் தயாராக இருப்பவர், ஸ்கிம்மர் இல்லாமலே நடத்தலாம்.

"லைவ் ராக் இல்லாமல் கடல்மீன் தொட்டியே கிடையாது"

1961-இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், பவளத்திட்டிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் காற்றுக்குமிழியையும் மட்டும் வைத்துக் கடல்மீன் தொட்டி நடத்தும் முறையை எழுதி உலகத்தை வியக்க வைத்தார். லைவ் ராக் என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கம் அங்கேதான். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத் தொட்டி தொடங்கும் தமிழ்நாட்டு இளைஞர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

இந்தியாவில் பவளக் கல்லை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு அது. பவளம் செத்துக் காய்ந்த கல்லாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. "உள்நாட்டு லைவ் ராக்" என்று யாராவது கிலோ கணக்கில் விற்றால், அது எங்கிருந்து வந்திருக்க முடியும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளத்திட்டுகளைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போனதற்கு அது முக்கியக் காரணம். வரவேற்பறை அழகுக்காக அந்தக் கடலிலிருந்து இன்னொரு கல் வெளியே வரக் கூடாது.

வர வேண்டிய தேவையும் இல்லை. நைட்ரஜன் சுழற்சிக்கு வேண்டியது நுண்துளைகள் நிறைந்த பரப்பு. அது பவளமாக இருக்க வேண்டிய அவசியம் கிடையாது. செராமிக் கற்கள், சிமென்ட் கலந்து வார்த்த செயற்கைப் பாறைகள், நுண்துளைக் கட்டிகள் எல்லாம் அதே பாக்டீரியாவுக்கு வீடாகும். சிமென்ட் பாறையைப் பல வாரம் தண்ணீரில் ஊறவைத்து, பி.எச். இறங்கிய பிறகே தொட்டிக்குள் வைக்க வேண்டும். கடலிலிருந்து வந்த கல்லோடு ஒட்டி வரும் புழு, சிறு நத்தை, பாசி என்ற பல்லுயிர் கிடைக்காது என்பது உண்மை. அதே காரணத்தால் நண்டு, கொட்டும் அனிமோன் போன்ற வேண்டாத விருந்தாளிகளும் வரமாட்டார்கள். மீனையும் கடலில் பிடிக்காமல் வாங்கலாம்: மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைக் கையாள்கிறது. தொட்டியிலேயே பிறந்த மீன் உலர் தீனியைத் தயங்காமல் தின்னும்.

"வீட்டு ஆர்.ஓ. தண்ணீரே போதும்"

ஃபில்டர் என்றதும் தொட்டியோடு இணைந்த கருவியையே எல்லோரும் நினைக்கிறார்கள். தொட்டிக்கு வருவதற்கு முன் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவிதான் உண்மையில் முதல் ஃபில்டர், அதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். சமையலறை ஆர்.ஓ. குடிப்பதற்காகச் செய்யப்பட்டது. சப்பென்று இல்லாமல் ருசியாக இருக்க வேண்டும் என்று, வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தை டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த தாதுக்களின் அளவு) கண்ட்ரோலர் வழியாகத் திரும்பக் கலந்துவிடுவார்கள். தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜும் இருக்கும். இப்போது செம்பு சேர்க்கும் மாடல்களும் ஏராளமாக விற்கின்றன. மனிதருக்கு நல்லது என்று விளம்பரப்படுத்தப்படும் அந்தச் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சு. கல்லிலும் மணலிலும் படிந்துவிட்டால் அதை முழுவதும் எடுப்பதும் கடினம்.

கடல்மீன் தொட்டிக்கு வேண்டியது ஆர்.ஓ. மெம்பிரேனுக்குப் பின்னால், மிச்ச அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசின் பொருத்திய தனி யூனிட். 600 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரை நல்ல மெம்பிரேன் 30 அளவுக்குக் கொண்டுவரும். மிச்சத்தை ரெசின் பூஜ்யமாக்கும். இந்த 30 பெரிய விஷயமா என்று கேட்கலாம். 200 லிட்டர் தொட்டியில், அதுவும் ஃபேன் வைத்துக் குளிரவைக்கும் வீட்டில், தினமும் 2 லிட்டர் ஆவியாகப் போவது சாதாரணம். ஆண்டுக்கு 730 லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரில் இருந்த பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் தொட்டியிலேயே தங்கும். மூன்றரைத் தொட்டித் தண்ணீரின் அழுக்கு ஒரே தொட்டியில் சேர்வதற்குச் சமம் அது. பாசி ஏன் அடங்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆவியானதற்கு ஈடாக உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்: உப்பு எங்கும் போகவில்லை.

"யு.வி. விளக்கு இருந்தால் நோய் வராது"

யு.வி. குழாய்க்குள் நுழையும் உயிரைத்தான் கொல்லும். கடல்மீனைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க் கிருமியான கிரிப்டோகேரியான், வாழ்நாளில் பெரும்பகுதியை மீனின் தோலுக்குள்ளோ, மணலில் ஒட்டிய கூடாகவோ கழிக்கிறது. ஒரு கூடு வெடித்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுக் கிருமிகள் கிளம்பும். அவற்றில் பம்புக்குள் போவதை யு.வி. கொல்லும், மீனை முதலில் அடைவதை விட்டுவிடும். நோய் பரவும் வேகத்தைக் குறைக்கவும், தண்ணீரைப் பச்சையாக்கும் மிதவைப் பாசியை ஒழிக்கவும் யு.வி. நல்ல கருவி. புது மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்கும் வேலைக்கு அது மாற்று ஆகாது.

"அம்மோனியாவுக்கு ஜியோலைட், மற்றதற்கு கார்பன்"

நன்னீரில் ஜியோலைட் அம்மோனியாவை நன்றாகப் பிடிக்கும். கடல்நீரில் கொட்டிக் கிடக்கும் சோடியம் அந்த இடங்களை முதலில் பிடித்துக்கொள்வதால் அம்மோனியாவுக்கு வாய்ப்பே இல்லை. கார்பன் தண்ணீரின் மஞ்சள் நிறத்தையும் வாடையையும் எடுக்கும். அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் எடுக்காது. பாஸ்பேட்டுக்கு இரும்பு ஆக்சைடு துகள் தனியாக உண்டு.

"பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் மறுநாளே மீன் விடலாம்"

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தின்னும் பாக்டீரியா மெதுவாகப் பெருகும் இனம். ஒன்றுமே ஊற்றாமல் விட்டால் ஒரு புதுத் தொட்டி பக்குவமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்று மீன்வளர்ப்புப் புத்தகங்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவந்தன. டிமோதி ஹோவனெக் குழுவினர் 1998-இல் நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று காட்டினார்கள். சரியான இனம் உயிரோடு இருக்கும் பாட்டில் காத்திருப்பைக் குறைக்கும். வெயிலில் நின்ற வண்டியில் வந்த பாட்டிலுக்குள் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்பதை லேபிள் சொல்லாது, டெஸ்ட் கிட்தான் சொல்லும். சிறிதளவு அம்மோனியா விட்டு, ஒரே நாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் மீன் விடலாம். பழைய தொட்டியின் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதில் பெரிய பலன் இல்லை. பாக்டீரியா பரப்பில் ஒட்டி வாழ்வது; பழைய ஸ்பாஞ்சோ கல்லோ கிடைத்தால் அது பாதி வேலையை முடித்துவிடும்.

"கரண்ட் போனால் ஃபில்டர் நிற்கும், வந்தால் ஓடும், அவ்வளவுதான்"

ஃபில்டர் வாங்கும்போதே கரண்ட் கட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூடிய கேனிஸ்டருக்குள் தண்ணீர் நின்றதும் பாக்டீரியா அங்கிருக்கும் ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிட்டுத் தானும் சாகத் தொடங்கும். சில மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் பம்ப் அந்த அழுகிய தண்ணீரை நேராக மீன்கள் இருக்கும் இடத்துக்குத் தள்ளும். நீண்ட நேரம் நின்ற கேனிஸ்டரைத் திறந்து, தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சை அலசிய பிறகே ஓட்ட வேண்டும். தொட்டிக்குள்ளேயே கல் அடுக்கியிருப்பவருக்கு இந்த அபாயம் குறைவு. எந்த முறையானாலும் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் விளக்கை விட்டுவிட்டு, தண்ணீரை ஓட்டும் பம்பை மட்டும் அதில் இணைத்தால் போதும்.

சம்ப் வைத்திருப்பவருக்கு வேறு பிரச்சினை. தொட்டிக்குக் கீழே ஒரு தொட்டியை மறைத்து வைத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் யோசனை புதிதல்ல. வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் 1864-இல் ஹாம்பர்க்கிலும், 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அமைத்த மீன்காட்சியகங்களில் காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தேக்கத்தைத் தரைக்கடியில் வைத்தார். தண்ணீரின் அளவு கூடும், வெப்பமும் உப்பும் சட்டென்று மாறாது, ஸ்கிம்மரையும் ஹீட்டரையும் கண்ணில் படாமல் வைக்கலாம். ஆனால் பம்ப் நின்ற நொடியில் மேல்தொட்டியின் விளிம்புத் தண்ணீரும் குழாயில் நிற்கும் தண்ணீரும் சம்புக்கு இறங்கும். திரும்பி வரும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால், அதன் மட்டம் வரைக்கும் மேல்தொட்டி சைஃபனாகிக் காலியாகும். ஆகவே குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வைப்பார்கள். மீன் விடுவதற்கு முன்பே சோதனையையும் முடித்துவிடுவார்கள். பம்பை நிறுத்தி, இறங்க வேண்டிய தண்ணீர் எல்லாம் இறங்கிய பிறகு, சம்பில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பிக்கொள்வது முதல் படி. பிறகு பம்பை ஓடவிட்டால் சம்பின் மட்டம் தாழும். தாழ்ந்து நிற்கும் இடத்தில் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு. ஓடும் சம்பில் அந்தக் கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஊற்றாதவரை, நள்ளிரவில் கரண்ட் போனாலும் வீட்டுத் தரை நனையாது.